இரண்டு விஜயலெட்சுமிகளும் ஒரு பொத்தானும்

அத்தியாயம் பதினொன்று

"மனித குலம் இதுவரை பட்ட அத்தனை அவதிக்கும் அடிப்படைக் காரணம் ஒன்னே ஒன்னுதான். ஒரே ஆளை ரெண்டு தடவை பதிஞ்சது."

இதைச் சொன்னபோது சுரேன் கையில் பாதி இடியப்பமும் முகத்தில் முழு நிச்சயமும் இருந்தன. நேரம், புதன்கிழமை காலை எட்டரை. இடம், பதுளை பஜாரில் சுந்தரலிங்கம் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவனுடைய அக்கா சுதர்சினியும் ஒரு பழைய பிரின்டரும். பிரின்டர் மட்டும் லேசாக முனகியது.

"யுத்தம், பஞ்சமெல்லாம்?" என்றாள் சுதர்சினி. மூன்று நாள் மௌனத்துக்குப் பிறகு தம்பியிடம் அவள் பேசிய முதல் வார்த்தை இது.

"அதுக்கும் அடியில தோண்டிப் பாத்தா, ஏதாவது ஒரு லிஸ்ட்ல டூப்ளிகேட் கெடக்கும்க்கா."

அந்த மூன்று நாள் மௌனத்துக்குக் காரணம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். வருடா வருடம் நடக்கும் இலவசக் கண் சத்திரசிகிச்சை முகாமுக்குத் தோட்டங்களிலிருந்து நாற்பது பேரைத் தெரிவுசெய்து அனுப்புவது இந்தக் கடையின் வழக்கம். பதினாறு வருடமாகப் பட்டியல் சுதர்சினியின் கையில் இருந்தது. கடைக் கம்ப்யூட்டரில் அதற்கான தரவுத்தளத்தை உருவாக்கியவளே அவள்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், கொழும்பில் படித்துத் திரும்பிய மகனிடம் பட்டியலை ஒப்படைத்த சுந்தரலிங்கம், மகளைப் பார்த்து, "நீ கொஞ்சம் ஓய்வெடும்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

சுரேனைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவன் அளக்கிற ஆள்தான், ஆனால் வேலை தெரிந்த ஆள். பழைய தரவுத்தளத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதுவான் என்று எல்லோரும் பயந்தார்கள். அவன் எறியவில்லை. "ஓடுற வண்டிய ஏன் நிப்பாட்டணும்? ஒரு ஆட்-இன் எழுதி மாட்டிவிடுறேன்" என்றான். இருக்கிற மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு, அதன் மெனுவில் தனக்கென ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு, அது செய்யாத வேலையைச் செய்யும் சின்னத் துணைக் கோப்புதான் அந்த ஆட்-இன்.

முதல் இரண்டு நாள் அது எதையும் கண்டுபிடிக்கவில்லை. எத்தனை தடவை ஓட்டினாலும் 'பதிவுகள் இல்லை' என்றே சொன்னது. சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்து தேடிய பிறகுதான் சுரேனுக்கு விளங்கியது. கடையின் அட்டவணையைப் பார்க்கச் சொல்லாமல், ஆட்-இன் கோப்பு தன் சொந்த வயிற்றையே திறந்து பார்க்கும்படி எழுதியிருந்தான். அதன் வயிறு காலி. ஒரு வரியை மாற்றினான். மறு விநாடியே பதினாறு வருடப் பதிவுகளும் திரையில் வந்து நின்றன. அவன் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். அந்தச் சுற்றுக்கு அவனுக்கு உரிமை இருந்தது.

பொத்தானுக்கான படத்தையும் தானே வரைந்திருந்தான், ஒரு விளக்குமாறு. அப்பா திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்து, "எதுக்குடா தென்ன மரம்?" என்று கேட்டதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பெயர், பிறந்த திகதி, முகவரி, போன் நம்பர். நாலும் ஒத்துப்போனா ஒரே ஆள். ரெண்டு பதிவையும் ஒன்னாக்கி, காலியான இடத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து ஆளை எடுத்து, எல்லாருக்கும் மெசேஜும் அனுப்பிரும். ஒரே அமுக்கு."

"குறிப்பு?" என்றாள் சுதர்சினி.

குறிப்பு என்பது பட்டியலின் கடைசிப் பத்தி. அதில் அவள் என்ன எழுதுவாள் என்பதற்கு வரம்பு கிடையாது. சுரேன் ஒன்றைத் திறந்து, வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரலில் படித்தான்.

"'டாக்டர் என்றால் பயம். முதலில் தேத்தண்ணி கொடுக்கவும். மகன் எல்லவில் ஹோட்டல் வேலை, ஞாயிறுதான் வருவான். காது மந்தம், இடப் பக்கம் நின்று பேசவும்.' அக்கா, இது டேட்டாபேஸா, கல்யாண வீட்டுப் பேச்சா?"

"கேட்டேன், சொன்னாங்க, எழுதினேன்."

"மெஷினுக்கு இதெல்லாம் கதை. ஒரு பொத்தானுக்கு யாரு காது மந்தம்னு தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? குறிப்பை நான் கணக்குலயே எடுக்கல."

விளக்குமாற்றை அமுக்கினான். நான்கு விநாடி. நாற்பது பேரில் நான்கு பேர் இரட்டைப் பதிவு என்றது ஆட்-இன். நாற்பது முப்பத்தாறானது. வெயிட்டிங் லிஸ்டிலிருந்து நான்கு பேர் ஏறி மறுபடி நாற்பது ஆனது. பட்டியல் ஆஸ்பத்திரிக்குப் போனது. நாற்பது மெசேஜ்கள் ஊவாவின் மலைகளெங்கும் பறந்தன. முன் கடையில் அப்பாவின் சட்டைப் பையிலும் ஏதோ ஒன்று டிங் என்றது. அவர் போனை எடுத்து எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அரை மணி நேரம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடி துடைத்தார்.

சுதர்சினி எழுந்துபோய்ப் பட்டியலை ஒரு தடவை பார்த்தாள். அவளால் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. "மூனு நாள் வேலை எனக்கு. நாலு செக்கன்ல முடிச்சிட்ட" என்றாள்.

பதினொரு மணிக்கு மடுல்சீமையிலிருந்து போன் வந்தது.

"கண்ணாடிக் கடையாங்க? நான் ஓட்டோ கணபதி பேசுறேன். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வரச்சொல்லி விஜயலெட்சுமிக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. எந்த விஜயலெட்சுமிங்க?"

"எந்தன்னா? விஜயலெட்சுமிதான்" என்றான் சுரேன்.

"பெரிய விஜியா, பீலி விஜியா?"

சுரேன் திரையைப் பார்த்தான். அதில் ஒரு விஜயலெட்சுமிதான் இருந்தார். 'எந்தக் கண்' என்ற இடத்தில் 'இரண்டும்' என்று போட்டிருந்தது. காலையில் இதைப் பார்த்து, பாவம் என்று நினைத்திருந்தான்.

"ரெண்டு பேரு இருக்காங்களா?"

"என்ன தம்பி இப்பிடிக் கேக்குறீங்க? ரெண்டு பேரும் என் முன்னாலதான் நிக்கிறாங்க. 'நீ போ, நீ போ'ன்னு ஒரு மெசேஜை ஒருத்தருக்கொருத்தர் தானம் பண்ணிக்கிட்டு இருக்காங்க. எனக்கு லுணுகலைக்கு ஒரு ஹயர் இருக்குங்க. சீக்கிரம் சொல்லுங்க."

சுரேன் போனைக் கையால் மூடிக்கொண்டான். "அக்கா, நாலும் ஒத்துப் போச்சே! பேரு, பிறந்த திகதி, முகவரி, போன்!"

சுதர்சினி கோபப்படவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தத் தோட்டத்து மேல் டிவிசனில் நூற்றெண்பது குடும்பத்துக்கும் ஒரே முகவரி, லய வீட்டு வரிசைக்கு நம்பர் உண்டு, தபாலுக்குக் கிடையாது, கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வந்து காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில்தான் ஆளுக்குக் கை மாறும். போன் நம்பர் கணபதியுடையது, சிக்னல் பிடிக்கிற இடத்தில் ஓட்டோ நிற்பதால் லயத்தில் பாதிப் பேர் அதைத்தான் கொடுப்பார்கள். பிறந்த திகதி ஜனவரி ஒன்று.

"ரெண்டு பேரும் ஒரே நாள்லயா பொறந்தாங்க?"

"எப்ப பொறந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. லேட்டாப் பதிஞ்சப்ப வருசத்த மட்டும் குத்துமதிப்பா வச்சு, ஜனவரி ஒன்னுன்னு போட்டுட்டாங்க. அந்த டிவிசன்ல வயசான ஆளுங்க பாதிப் பேரு புது வருசத்தன்னைக்குத்தான் பொறந்திருக்காங்க."

சுரேன் நல்ல எஞ்சினியர். அழித்ததையெல்லாம் தனி அட்டவணையில் பத்திரமாக எடுத்து வைக்கும்படிதான் ஆட்-இன்னை எழுதியிருந்தான். தன்மீது நம்பிக்கை இருந்ததால் அதை இதுவரை திறந்து பார்க்கவில்லை. இப்போது திறந்தான். இரண்டு விஜயலெட்சுமிகளும் அங்கே இருந்தார்கள். ஒருவருக்கு வலது கண், ஒருவருக்கு இடது கண். ஒருவருக்குச் சீனி வியாதி. எது யார் என்பது மட்டும் இல்லை. அது இருந்த இடம் குறிப்பு. குறிப்பைத்தான் அவன் கணக்கிலேயே எடுக்கவில்லையே, எடுத்து வைத்ததிலும் சேர்க்கவில்லை.

"நீங்க ஞாபகம் வச்சிருப்பீங்கதானே?" என்றான்.

"வச்சிருக்கேன். ஆனா ஆளு லைன்ல இருக்கு. நீயே கேளு."

போன் கை மாறிய சத்தம் கேட்டது.

"அலோ, தம்பி, நான் பெரிய விஜி. கடைப் புள்ள இல்லையா?"

"இருக்காங்கம்மா. ஒங்களுக்கு எந்தக் கண்ணு ஒபரேசன்? அதை மட்டும் சொல்லுங்க."

"அத மட்டும் எப்பிடிப்பா சொல்றது? அன்னைக்கு நல்ல மழை. நாங்க ரெண்டு பேரும் ஒன்னாத்தான் வந்தோம். எனக்கு எடது கண்ணுன்னு அந்தப் புள்ள எழுதிச்சு. என்னை விடு. எனக்கு வீட்டோட இருக்குற கண்ணு, மார்கழிக்குப் பொறகு பாத்துக்கலாம். இவளுக்குத்தான் அவசரம். கொழுந்து எது, முத்தல் எது, ஒன்னும் தெரியல இவளுக்கு. மடுவத்துல நிறுக்குறப்ப கங்காணி ரெண்டு தடவ கூடையக் கொட்டிக் காட்டிட்டாரு. இன்னொரு தடவ ஆச்சுன்னா வேலையில இருந்து பேரை வெட்டிருவாங்க. இந்தா, பேசு."

"தம்பி, நான்தான்" என்றது இன்னொரு குரல், மெல்ல. தண்ணீர்ப் பீலிக்கு அடுத்த காம்பரா வீட்டில் இருப்பதால் பீலி விஜி. "அவ சும்மா சொல்றா. அவளே போகட்டும். எனக்குக் கை தெரியும். கண்ணு இல்லாமக்கூட எடுத்துருவேன்."

"ஒங்களுக்குச் சீனி இருக்காம்மா?"

"இருக்குப்பா. பஸ்ஸுல வெறும் வயித்தோட வந்தா தலை சுத்தும். அந்தப் புள்ளைக்குத் தெரியும். பிஸ்கட் வச்சிருக்கும்."

சுரேன் மேசையைப் பார்த்தான். சுதர்சினியின் இழுப்பறை பாதி திறந்திருந்தது. உள்ளே நான்கு பிஸ்கட் பக்கற்றுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஓய்வெடுக்கச் சொன்ன பிறகு வாங்கி வைத்தவை.

மற்ற மூன்று இரட்டைப் பதிவுகளையும் அக்காவும் தம்பியும் போன் போட்டுச் சரிபார்த்தார்கள். மூன்றும் உண்மையிலேயே ஒரே ஆள்தான். ஆட்-இன் நான்கில் மூன்றைச் சரியாகப் பிடித்திருந்தது. பதினாறு வருடத்தில் அந்த மூன்றும் சுதர்சினியின் கண்ணில் படவில்லை. "இதுல ஒன்னு நாலு வருசமா இருக்குது. நான் கவனிக்கவே இல்லடா" என்று அவளே சொன்னாள். சொல்வதற்குச் சங்கடப்படவும் இல்லை.

ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் பட்டியல் பார்ப்பவர் ஸுலைஹா. சுரேன் நடந்ததைச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

"நாப்பத்தொன்னு ஏலாது தம்பி. லென்ஸே நாப்பதுக்குத்தான் வந்திருக்கு. ரெண்டு மணிக்கு லிஸ்டைப் பூட்டுவோம். அதுக்கு முந்தி யாராச்சும் ஒராள் விட்டுக்கொடுத்தா மாத்தித் தாரேன்."

ஒரு மணி ஐந்து. வெயிட்டிங் லிஸ்டிலிருந்து ஏறிய நான்கு பேரில் கடைசியாக ஏறியவரைத்தான் இறக்க வேண்டும். பெயரைப் பார்த்தான், வி. சுந்தரலிங்கம்.

ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் அல்ல என்ற பாடத்தைக் கற்று இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஆகவே, இது வேறு யாரோ சுந்தரலிங்கம் என்று சுரேன் உறுதியாக முடிவு செய்தான். நம்பரும் புதிதாகத் தெரிந்தது. அவனுடைய போனில் அந்த நம்பர் 'அப்பா' என்றுதான் இருந்தது, இலக்கங்களை அவன் பார்த்ததே இல்லை. இப்போது எடுத்ததோ கடைப் போன்.

சுதர்சினி சட்டென எழுந்து தேத்தண்ணி போடப் போனாள். தேத்தண்ணி குடித்துக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

சுரேன் நம்பரை அமுக்கினான். மூன்று மீட்டர் தள்ளி, முன் கடையில், அப்பாவின் சட்டைப் பையில் மணி அடித்தது.

"ஹலோ" என்றார் சுந்தரலிங்கம். அந்த ஹலோ சுரேனின் இரண்டு காதிலும் கேட்டது.

போனை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். இருவருமே அதைச் செய்யவில்லை. அப்பா வீதியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மகன் பிரின்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நேருக்கு நேர் வராத பேச்சு போனில் வந்தது.

"கண் முகாம்ல இருந்து பேசுறோம்" என்றான் சுரேன். "ஒங்களுக்குக் குடுத்த இடத்துல ஒரு தவறு நடந்துருச்சுங்க."

"யாரு தவறு?"

"என்னோடது."

"ம். அந்த இடம் யாருக்குப் போகுது?"

"மடுல்சீமை விஜயலெட்சுமி."

"பெரியவளா, பீலியா?"

அப்பாவுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

"பீலி. பேரை வெட்டிருவாங்களாம்ப்பா."

"அப்ப யோசிக்க என்ன இருக்கு? குடுத்துரு." சுந்தரலிங்கம் போனை மறு காதுக்கு மாற்றினார். "நான் லிஸ்ட்ல நாப்பத்திநாலாவதாத்தான் எழுதச் சொன்னேன். எனக்கு வருமுன்னு நெனைக்கவே இல்ல. காலைல மெசேஜ் வந்ததும் ஒரு மாதிரி சந்தோசமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

"எப்பருந்துப்பா?"

"ரெண்டு வருசமா."

"கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்க."

"அதனாலதானேடா சொல்லல."

"கொழும்புல போய்ச் செஞ்சிருக்கலாம்ல?"

"தனியாக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வச்சாப் பயமா இருக்கும். நம்ம ஆளுங்க நாப்பது பேரோட வரிசையில ஒக்காந்தா பயம் தெரியாது. ஒங்கம்மாகிட்ட, முகாமுக்கு ஒத்தாசைக்குப் போறேன்னு சொல்லியிருந்தேன்."

"கண்ணுல கட்டோட திரும்பி வந்திருப்பீங்களே?"

"தூசி விழுந்துருச்சுன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

சுரேனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

ஒன்று நாற்பதுக்குப் பட்டியல் மாறியது. ஸுலைஹா, இரண்டு விஜிகளின் பதிவையும் அவனுக்குப் படித்துக் காட்டினார்: பெரிய விஜி, இடது கண்; பீலி விஜி, வலது கண், சீனி உண்டு. பூட்டியாயிற்று என்றார். சுரேன் கணபதிக்குத் தானே போன் செய்தான். "ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு, தானத்த நிப்பாட்டச் சொல்லுங்க." மறுபக்கத்தில் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பேசியதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கணபதி மட்டும், "அப்பாடா, நான் ஹயருக்குப் போறேன்" என்றார்.

மாடியிலிருந்து அம்மா விசாலாட்சி இறங்கி வந்தார். கையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முன் பக்கம் முழுக்கப் பொத்தான் திறந்து போடக்கூடிய, தலை வழியாக மாட்ட வேண்டியிராத சட்டை.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்று கணவரைக் கேட்டார்.

"நான் போகல. வேற ஆளுங்க இருக்காங்களாம் ஒத்தாசைக்கு."

விசாலாட்சி அவரைப் பார்த்தார். பிறகு மகளை, பிறகு மகனை. மூவருக்கும் ஒரே நேரத்தில் ஏதேதோ வேலை வந்துவிட்டது. அவர் சட்டையைக் கையில் மடித்துக்கொண்டு மாடி ஏறினார். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று ஏறினார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கிசுகிசுத்தான் சுரேன்.

"அதை அவங்கதான் சொல்லணும்" என்றாள் சுதர்சினி.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. சுரேன் ஆட்-இன்னைத் திறந்து, பதிவுகளைத் தானாக ஒன்றாக்கும் பகுதியை வெட்டினான். பதிலுக்கு ஒரு சின்னத் திரை எழுதினான். சந்தேகமான இரண்டு பதிவுகளும் அதில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், குறிப்பு. அடியில் ஒரு கேள்வி: 'ஆளிடம் கேட்டீர்களா?' ஆம் என்று பதிந்தால்தான் அடுத்த அடி நகரும். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். பிழை இல்லை. அழகாக இருந்தது. எழுந்து நாற்காலியை அக்கா பக்கம் தள்ளினான்.

சுதர்சினி உட்கார்ந்து மூன்று பதிவுகளை ஓட்டிப் பார்த்தாள். "இத எத்தன வருசமா நான் மனசுல செஞ்சிக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு, "லிஸ்ட்?"

"ஒங்களோடது. நான் பொத்தான் பாத்துக்கிறேன்."

நாலு மணிக்குப் பிஸ்கட் பக்கற்றுகளைப் பையில் போட்டுக்கொண்டு, முகாமுக்கு உதவிக்கு வரும் முஹ்ஸினாவோடு மண்டபத்தில் கதிரை போட அவள் புறப்பட்டாள். அப்பா முன் கடையில், வாடிக்கையாளர் ஒருவரின் கண்ணாடிக் காம்பை விரலால் தடவிப் பார்த்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். விரலால்தான் செய்தார், கண்ணால் அல்ல. எத்தனையோ மாதமாக அப்படித்தான் செய்கிறார் என்பது சுரேனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவன் பின்னறைக்கு வந்தான். நாற்பத்திநாலாம் பதிவைத் திறந்தான். குறிப்பில் அக்கா எழுதியிருந்தாள்: 'அப்பா. வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லவில்லை.'

வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. அதற்குக் கீழே தட்ட ஆரம்பித்தான். இரண்டு விரலால், சத்தம் வராமல், வெகு நேரம் தட்டினான்.

'பேப்பரை எட்டத்தில் பிடிப்பார். என்ன போட்டிருக்கு என்று கேட்டால், வாசித்துக் கொடுக்கவும், ஏன் என்று கேட்க வேண்டாம். மாலையில் படி இறங்கும்போது வலது கையைச் சுவரில் வைப்பார். தனியாகப் படுக்கப் பயம். அடுத்த முகாமில் இவருக்குப் பக்கத்துக் கதிரையில் ஆள் இருக்க வேண்டும். சுரேன் இருப்பான்.'